பிடுங்காதே

சின்னவளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்தோமா, பில் போட்டோமா, பாக்கிச் சில்லறையைக் கொடுத்தோமா என்று இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. கேள்வி கேட்டவர் பெரியவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவளும் பெரியவள்தான். "விலை குறைஞ்ச கிராபிக்ஸ் கார்டுல எதும்மா நல்லா ஓடும்?" என்ற கேள்வி பழுது பார்க்கும் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்லாவிலிருந்து பதில் பாய்ந்துவிட்டது.

"மஞ்சப் பெட்டி சார். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

பெரியவள் அப்போதுதான் அலமாரியிலிருந்து ஊதா நிறப் பெட்டி ஒன்றை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை அப்படியே நின்றது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். அந்த அண்ணனும் தம்பியும் எதிர்ச்சாரியில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார்கள். கட்டிய மனைவிகளின் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். எதையும் தொடக் கூடாது என்று பெரியவள் பழக்கி வைத்திருக்கிறாள். கடையைத் தொடங்கியவள் அவள். ஒற்றை மேசையும் ஒரு ஸ்க்ரூ டிரைவருமாகத் தொடங்கி, தெருவில் எந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளைக் கூப்பிடுகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். சின்னவள் கல்யாணமாகி வந்தபோது கடையில் காலியாக இருந்த ஒரே நாற்காலி கல்லா நாற்காலி. அதில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

உடம்பு கல்லாவில் இருந்தாலும் கண்ணும் காதும் அங்கே தங்கவில்லை. பெரியவள் வெளிவேலைக்குப் போகிற நேரமெல்லாம் சின்னவள் மேசைக்குத் தாவிவிடுவாள். மூடி கழற்றுவாள், மெமரியைப் பிடுங்கித் துடைத்துச் செருகுவாள், செத்துப்போனதாக எழுதிவைத்த இரண்டு மெஷின்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். பெரியவளுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள். அந்த மேசையின் இடது பாதியில் யாரும் திரும்ப வந்து வாங்காத பிரிண்டர்கள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துப்போட்டு ஓர் இருக்கை போட்டால் போதும், சின்னவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். கேட்டும் பார்த்துவிட்டாள். "நீ எழுந்து வந்துட்டா கல்லாவ யாருடி பாக்கறது?" என்பதுதான் எப்போதும் கிடைக்கிற பதில்.

இன்று வந்திருப்பவரோ சாதாரண ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாடி முழுவதையும் பிடித்துக் கேம் சென்டர் திறக்கப் போகிறவர். மாடி நிறையக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் திரைக்குப் படம் வரைகிற ஒரு கார்டு. இந்தக் கடை அதுவரை கண்டிராத ஆர்டர். அதனால்தான் பெரியவள் வெள்ளைத் துணிக் கையுறையை மாட்டியிருந்தாள். பெரிய வாடிக்கையாளர்கள் முன்னால் மட்டும் மாட்டுகிற கையுறை அது.

"அவ கல்லா பாக்கறவ சார்," என்றாள் பெரியவள், சிரித்த முகத்தோடு. "ஏதோ வீடியோவுல பாத்துட்டுப் பேசறா. நான் சொல்றேன், ஊதாப் பெட்டி. வெல கொஞ்சம் கூடத்தான். ஆனா ஓட்டத்துல அடிச்சுக்க முடியாது."

"இல்லக்கா. மஞ்சதான்."

கேம் சென்டர்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பொருள் வாங்க வந்த இடத்தில் ஓசியில் ஒரு சண்டை பார்க்கக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? வசதியாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலே வாசல்வரை கேட்கும் அவளுக்கு. "இத்தன நாளா கடையில உக்காந்து பெருசா என்னத்தப் பிடுங்கிட்டேன்னு இன்னிக்கு எனக்கே பாடம் எடுக்கறே?"

சுருக்கென்று இருந்தது சின்னவளுக்கு. கல்லாவை இழுத்துச் சாத்திவிட்டு எழுந்தாள்.

"ரெண்டையும் ஓட விட்டுப் பாப்போம்க்கா. மஞ்ச ஜெயிச்சா மேசையில பாதி எனக்கு."

"ஊதா ஜெயிச்சா?"

"இந்தக் கடைக்குள்ள நான் இனிமே வாயே தெறக்க மாட்டேன்."

"சார், கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி," என்றாள் பெரியவள், உடனே. அப்படியொரு பரிசை அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

சோதனைக்கென்று ஒரு மெஷின் கடையில் உண்டு. பக்கவாட்டுத் தகடு, மேல்மூடி எதுவும் இல்லாமல் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய நிற்பதால் அதற்கு எலும்புக்கூடு என்று பெயர். கடைக்கு வருகிற எந்த உறுப்பையும் முதலில் எலும்புக்கூட்டில் போட்டுத்தான் பார்ப்பார்கள். அதன் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருக்கும். அங்கிருந்து வருகிற ஒயர்களை யாரும் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். பெருக்குகிறபோது ஒன்று பிடுங்கிக்கொள்ளும், திரை இருண்டு போகும், என்ன கோளாறு என்று தெரியாமல் பெரியவள் பாதி நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வாள். அப்படிச் சில முறை ஆன பிறகு வந்த சட்டம். யார் போட்டது என்பதுகூட எல்லோருக்கும் மறந்துவிட்டது.

முதலில் ஊதா. மூத்தவள் கார்டு முதலில் என்று எழுதாத விதி. பெரியவள் கையுறைக் கையால் அதைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, செருகுமிடத்தில் வைத்து, இரு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது. அதற்கான சாஃப்ட்வேரையும் ஏற்றினாள்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. மழை கொட்டுகிற மலைப்பாதையில் ஒரு கார் தானாகவே ஓடும். எந்தக் கார்டைப் போட்டாலும் அதே மழை, அதே வளைவுகள். ஓடி முடித்ததும், நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், வரைந்தது என்று ஓர் எண் வரும். எண் பெரிதாக இருந்தால் கார் வழுக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். சிறிதாக இருந்தால் நொண்டுகிறது என்று அர்த்தம்.

நொண்டியது. மழைத்துளி ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து விழுந்தது. வளைவு வரும்போதெல்லாம் கார் நின்று மூச்சு வாங்கியது. கடைசியில் எண் வந்தது. இருபத்து மூன்று.

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. "மொத தடவ இல்லியா, சூடு பிடிக்கணும்," என்று மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் இருபத்து மூன்றுதான்.

சின்னவள் எலும்புக்கூட்டை ஒட்டி வந்து நின்றாள். இருபத்து நான்கு வந்தால் போதும். ஒரே ஒரு பிரேம் கூடுதலாக வந்தால் போதும், பிரிண்டர்களை இன்றைக்கே தூக்கித் தெருவில் வைத்துவிடலாம். பெரியவள் எலும்புக்கூட்டை அணைத்து, ஊதாவைக் கழற்றி, மஞ்சளைச் செருகினாள். அதன் சாஃப்ட்வேர் ஏறுகிறவரை சின்னவள் சேலைத் தலைப்பை முறுக்கியே கயிறாக்கிவிட்டாள்.

கார் கிளம்பியது. அதே மழை. அதே நொண்டல். அவளுக்குத் தன் காலே நொண்டுகிற மாதிரி இருந்தது. "போ, போ, போடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கேம் சென்டர்காரரும் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார்.

இருபத்து மூன்று.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பெருமூச்சு விட்டவர் கேம் சென்டர்காரர்.

"சரி விடுங்கம்மா. கம்மி வெலைக்கு இவ்வளவுதான் இழுக்கும்போல. ரெண்டும் சமம்னா வெல கம்மியா இருக்கறத எடுக்கறதுதானே நியாயம்? மஞ்சளே போட்டுடுங்க. சின்னம்மா சொன்னதுதான் செல்லும்."

ஜெயித்துவிட்டாள்! அவளுக்கே நம்ப முடியவில்லை. தலைகால் புரியாமல் ஒரு குதி குதித்தாள். பிரிண்டர் குவியலைப் பார்த்தாள். அது ஏற்கெனவே காலியாகிவிட்ட மாதிரியும், அங்கே தன் ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசையாகத் தொங்குகிற மாதிரியும் தெரிந்தது. பெரியவள் கையுறையை விரல் விரலாக உருவிக்கொண்டிருந்தாள். தோற்ற மனுஷியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பாவத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நானே கழட்டறேன்க்கா," என்று எலும்புக்கூட்டை அணைத்துவிட்டு மஞ்சள் கார்டின் மேல் கை வைத்தாள். சுட்டுவிடப் போகிறதே என்று விரல் நுனியால்தான் தொட்டாள்.

சில்லென்று இருந்தது.

உள்ளங்கையை வைத்தாள். பின்பக்கத் தகட்டைத் தடவினாள். அலமாரியில் இருந்து அப்போதுதான் எடுத்த பாத்திரம் மாதிரிச் சில்லென்று இருந்தது. மலையேறி இறங்கிய கார்டு, மழையும் காரும் மரமுமாக வரைந்து தள்ளிய கார்டு, கொஞ்சம்கூடச் சூடாகவில்லையா? அதன் ஃபேன்கள்கூடச் சுற்றிய மாதிரி நினைவில்லை. அப்படியென்றால் இது வேலையே செய்யவில்லை. ஊதாவும் செய்திருக்காது. கையுறை போட்ட கைக்கு எங்கே தெரியும்? இரண்டு கம்பெனிக் கார்டு வார்த்து வைத்தாற்போல் ஒரே எண்ணைக் காட்டுவது எப்படி என்று அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். ஜெயித்த குஷியில் உறுத்தவில்லை.

இப்போது உறுத்தியது. வாயை மூடிக்கொண்டு கார்டைப் பெட்டியில் போட்டால் மேசை அவளுடையது. யாருக்கும் தெரியப் போவதில்லை. இவளாகச் சொன்னால் மறுபடி ஓட்டம், மறுபடி எண், யார் கண்டது? ஆனால் அதற்குள் இன்னொரு ஆசை வந்து அந்த ஆசையைத் தள்ளிவிட்டது. இரண்டில் எதுதான் உண்மையில் வேகம்? அது தெரியாமல் இன்றைக்கு எப்படிச் சோறு இறங்கும்? நாளைக்கு அந்த மேசையில் உட்கார்ந்தால் மட்டும் எப்படி வேலை ஓடும்?

"அக்கா!" என்றாள். குரல் கிறீச்சென்று வந்தது. "தொட்டுப் பாருங்க! சும்மா தொட்டுப் பாருங்களேன்! கார்டு தூங்கிட்டு இருக்கு!"

பெரியவள் வெறுங்கையால் தொட்டாள். புருவம் ஏறியது.

"அப்ப இவ்வளவு நேரம் கார ஓட்டினது யாரு?"

அந்தக் கேள்வியில் கடையே சுறுசுறுப்பாகிவிட்டது. செருகியது சரியா என்று பெரியவள் பார்த்தாள். சரிதான். மின்சாரம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. கேம் சென்டர்காரர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மறந்து, "ஒயரு, ஒயரப் பாருங்க!" என்று அதட்டினார். சின்னவள் மானிட்டரின் பின்னாலிருந்து வருகிற கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். மேசையோரமாகப் போயிற்று, சுவர்ப்பக்கம் திரும்பிற்று, எலும்புக்கூட்டின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டிப் பார்த்தாள்.

கார்டு வரைகிற படம் திரைக்கு வர வேண்டுமானால் கேபிள் கார்டின் முதுகில் செருகியிருக்க வேண்டும். அது கார்டின் பக்கமே போகவில்லை. மேலே, எல்லா உறுப்புகளையும் தாங்குகிற மதர்போர்டின் சொந்தத் துளையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நேரமும் காரை ஓட்டியது மதர்போர்டில் இருக்கிற சாதாரணச் சில்லு. கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டர்களாகவே வருகிற கடையில் கேபிளுக்கு அந்த இடம்தான் பழக்கம். மலையில் ஏறச் சொன்னால் அது நொண்டாமல் என்ன செய்யும்? இரண்டு கார்டும் பக்கத்தில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கின்றன.

சரி, உருவி மாற்றலாம் என்றால் கேபிளைச் சுற்றிச் சிவப்பு டேப் இறுக்கி ஒட்டியிருந்தது. டேப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாள். தாளில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல்.

பிடுங்காதே.

"யாரு எழுத்துடி இது?" என்றாள் பெரியவள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

சின்னவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்த 'டு'வின் வால் அப்படி நீளமாக வருவது உலகத்திலேயே ஒருத்தியின் கையில்தான்.

"என் எழுத்துதான்க்கா," என்றாள் அசடு வழிய. "நீங்கதானே தேடித் தேடிக் கஷ்டப்படறீங்கன்னு..."

முதலில் சிரித்தது கேம் சென்டர்காரர். அப்புறம் பெரியவள். அவள் சிரித்தால் சாதாரணமாகச் சிரிக்க மாட்டாள், மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். பிரிண்டர் குவியலில் இருந்து ஒன்று சரிந்து விழுந்தது. "கடைசியில பிடுங்க வேண்டியதப் பிடுங்காம விட்டது நீதானா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி அவளையே பார்த்தாள்.

"பேசாம இருந்திருந்தா மேசை கெடச்சிருக்குமேடி?"

"கெடச்சிருக்கும்க்கா. ஆனா எது நெசமா ஓடும்னு தெரியாமலே போயிருக்குமே!"

பெரியவள் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். சின்னவள் டேப்பை வெட்டி, தாளை ஓரமாக வைத்து, கேபிளைப் பிடுங்கி, மஞ்சள் கார்டின் முதுகில் செருகினாள்.

கார் கிளம்பியது. கிளம்பியதா, பறந்தது! மழை சரம் சரமாக இறங்கியது. நனைந்த சாலையில் விளக்கு வெளிச்சம் ஓடி ஓடிச் சிதறியது. கார்டின் ஃபேன்கள் இரண்டும் விர்ரென்று எழுந்தன. "அய்யோ, அய்யோ!" என்று கேம் சென்டர்காரர் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். சத்தம் கேட்டு எதிர்க்கடை அண்ணனும் தம்பியும் ஓடிவந்து, வந்த வேகத்தில் மறக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். எண் வந்தது. அறுபத்தாறு.

"அறுவத்தாறு!" சின்னவள் கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் பெருமையாகத் தலையாட்டினான்.

இனி ஊதா. இந்த முறை பெரியவள் கையுறை போடவில்லை. கேபிளையும் அவளே மாற்றினாள், மூன்று தரம் சரிபார்த்தாள். கார் பறந்தது. முதல் வளைவில் வழுக்கவில்லை, இரண்டாவது வளைவில் தயங்கவில்லை. சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் எங்கெல்லாம் துளி இழுத்ததோ அங்கெல்லாம் இது இழுக்காமல் போனது. மேலே மரங்கள் அடர்ந்த அந்தக் கடைசி இறக்கம், அங்கே எதுவும் திணறும். இது திணறவில்லை.

எழுபத்தொன்று.

"எழுவத்தொண்ணு! அக்கா, எழுவத்தொண்ணு!"

கத்தியது சின்னவள்தான். கையைத் தட்டிக்கொண்டு, பெரியவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான், தான் தோற்றுப்போனது அவளுக்கு நினைவுக்கு வந்தது. கட்டிப்பிடித்த கை மெல்ல நழுவியது.

கேம் சென்டர்காரர் ஊதாவுக்கு ஆர்டர் சொன்னார். மாடி நிறைய ஊதா. "விலை கூடினா கூடட்டும், வர்றவங்க நொண்டிக் கார ஓட்டிட்டு என்னத் திட்டக் கூடாது," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மிஷின் எல்லாம் மாட்டும்போது அந்தச் சின்னம்மாவையும் கூட்டிட்டு வாங்க. கை வெச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அண்ணனும் தம்பியும் அவரோடே இறங்கித் தெருவைத் தாண்டித் தங்கள் மோட்டார்களுக்குத் திரும்பினார்கள்.

சின்னவள் மஞ்சள் கார்டைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அலமாரிக்குக் கொண்டுபோனாள். அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் அழுகையை விட எழுபத்தொன்று பெரிதாக இருந்தது. அந்த ஐந்து பிரேம் எங்கிருந்து வந்திருக்கும்? கூடுதல் மெமரியா? கடைசி இறக்கத்தில் ஏன் திணறவில்லை? கேட்கத் தோன்றியது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சாட்சி வைத்துச் சொன்ன வாய் அது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ உருள்கிற சத்தமும் கனமாக எதையோ இறக்கி வைக்கிற சத்தமும் கேட்டன. திரும்பிப் பார்க்காமல் பெட்டிகளை நேராக அடுக்கினாள். பிறகு கல்லாவுக்குப் போனாள்.

நாற்காலி இல்லை.

திரும்பினாள். பிரிண்டர்கள் அத்தனையும் தரையில் சுவரோரமாக இறங்கியிருந்தன. மேசையின் இடது பாதி துடைத்து ஈரம் காயாமல் இருந்தது. அதன் முன்னால் கல்லா நாற்காலி. நாற்காலியின் முதுகில் சிவப்பு டேப்பால் அந்த வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, நீள வால் போட்ட எழுத்தோடு.

பிடுங்காதே.

"அக்கா..." என்றாள் சின்னவள். "தோத்தது நான்க்கா."

பெரியவள் ஒரு மெஷினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"தோத்தா வாயத் தெறக்க மாட்டேன்னுதானே சொன்னே? மூடிக்கிட்டு ஸ்க்ரூ டிரைவர எடு."